பொதிகை உச்சியில் ஒரு காந்த ஊசி

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர்)

குற்றாலம் என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு ஆனி, ஆடிச் சாரல்தான் நினைவுக்கு வரும். தென்காசிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கோ இன்னொரு குற்றாலமும் தெரியும். அது கார்த்திகை மாதத்துக் குற்றாலம். ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கடைகள் பாதி அடைத்துக் கிடக்கும். மலை முழுவதும் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். காலை எட்டு மணிக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீக்கடையில் நிற்பவர்களைப் பார்க்கலாம்.

சென்ற ஆண்டு அப்படிப்பட்ட ஒரு கார்த்திகை நாளில், வனத்துறையினரின் அனுமதியோடு, எங்கள் துறை மாணவர்கள் பன்னிருவர் ஆசிரியர் ஒருவருடன் பேரருவிக்கு மேலே உள்ள செண்பகாதேவி அருவிக்கு நடந்து சென்றோம். காலையில் ஏறி மாலையில் திரும்பும் பயணம். புறப்படுமுன் ஆசிரியர் என் கையில் ஒரு வெப்பமானியையும், ஒரு அனிராய்டு பாரமானியையும், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு கருவிகளையும் பார்த்து எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. அடிவாரத்தில் இன்னொரு மாணவர் அதே போன்ற கருவிகளுடன் உட்கார்ந்து அதே நேரங்களில் எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக எழுதினேன். பிறகு பாதை வழுக்கியது. மேலே போகப் போக மேகம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. சட்டை நனைந்து, விரல்கள் விறைத்து, பேனா பிடிக்க முடியவில்லை. நண்பர்கள் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். இரண்டு அளவுகளை விட்டுவிட்டேன். அருவிக்கரையில் உட்கார்ந்து, முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில் பொருத்தமான எண்களை நானே போட்டு அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் வரைபடம் போட்டபோது மற்றப் புள்ளிகள் எல்லாம் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடந்தன. என்னுடைய இரண்டு புள்ளிகள் மட்டும் கோட்டின்மேல் அழகாக உட்கார்ந்திருந்தன. ஆசிரியர் அவற்றைச் சிறிது நேரம் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அந்த இரண்டையும் சுற்றி வட்டம் போடச் சொல்லிவிட்டு, ஜான் ஆலன் பிரௌன் என்ற பெயரைச் சொல்லி, அவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டு வரும்படி அனுப்பினார். படித்தேன். படித்ததைக் கல்லூரி மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நமக்கு நேர் தெற்கே

தென்காசியிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் அது அகத்தியர் மலையைத் தொடும். பொதிகை என்று நாம் போற்றும் மலைத்தொடரின் சிகரம் அது. உயரம் 1,868 மீட்டர். அதன் கிழக்குச் சரிவுகளில்தான் நம் தாமிரபரணி பிறக்கிறது. மேற்கே இறங்கினால் திருவனந்தபுரம்.

வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தபோது, உலகைச் சமன் செய்ய அகத்தியர் இந்த மலைக்கு வந்தார் என்பது புராணம். குற்றாலநாதர் கோவிலில் திருமாலைச் சிவலிங்கமாகக் குறுக்கியவரும் அவரே என்பது நம் ஊர்த் தலபுராணம். ஆகவே இம்மலை நமக்கு அயலானதன்று. ஆனால் அதே மலையின் உச்சியில், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னே, பூமியின் காந்தத்தை மணிக்கு மணி அளந்து எழுதிய ஒரு கூடம் இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? புவிக்காந்த ஆராய்ச்சியின் வரலாற்றில் புகழ்பெற்ற பெயர் பிரௌன். அவர் பணி செய்த மலையடியில் வாழும் நாம் அப்பெயரை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இளமை

பிரௌன் ஸ்காட்லாந்து நாட்டின் டம்ஃபிரீஸ் என்ற ஊரில் 1817-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளிக்கூடம் நடத்தியவர். கடற்படையிலும் அரசுப் பணியிலும் சேர விரும்பும் இளைஞர்களுக்கு அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. தந்தையின் மறைவுக்குப் பிறகு பிரௌன் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார்.

அது பூமியின் காந்தத்தைப் பற்றி உலகமே ஆர்வம் கொண்டிருந்த காலம். ஜெர்மனியில் ஹம்போல்ட்டும் காஸும் பல நாடுகளில் ஒரே நேரத்தில் காந்த ஊசியைக் கவனிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டிஷார் டொரான்டோ, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் ஆகிய இடங்களில் காந்த ஆய்வுக்கூடங்கள் அமைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அமைத்தார்கள். கடலில் திசைகாட்டியை நம்பிக் கப்பல் ஓட்டியவர்களுக்கு ஊசி ஏன் அலைகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஸ்காட்லாந்தில் மேக்கர்ஸ்டவுன் என்ற கிராமத்தில் சர் தாமஸ் பிரிஸ்பேன் என்ற பிரபு தம் சொந்தச் செலவில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் நிறுவியிருந்தார். 1842 முதல் 1849 வரை பிரௌன் அதன் இயக்குநர். கருவி சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார். காந்தம் சூடானால் வலிமை குறையும். குளிர்ந்தால் கூடும். அறையின் வெப்பம் மாறியதால் ஊசி அசைந்ததா, பூமியின் காந்தம் மாறியதால் அசைந்ததா என்று பிரித்தறியாமல் எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை. இந்தத் திருத்தங்களுக்காக அவர் உழைத்த உழைப்பு பெரிது. எடின்பரோ ராயல் சங்கம் அவருக்குக் கீத் பதக்கம் அளித்தது.

1850-இல் பாரிஸ் நகரம் சென்றார். அங்கே ஸ்விட்சர்லாந்தின் வோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மகளான இசலின் என்ற மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டே அவருக்கு இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது.

திருவிதாங்கூர் அழைத்தது

திருவனந்தபுரத்தில் 1837-இல் வானாய்வுக்கூடம் நிறுவியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. சங்கீத உலகம் போற்றும் அதே சுவாதித் திருநாள்தான். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் 1849-இல் மறைந்தார். அந்த இடத்துக்குத்தான் பிரௌன் 1852 ஜனவரியில் வந்து சேர்ந்தார். அப்போது அரியணையில் இருந்தவர் உத்திரம் திருநாள் மகாராஜா.

திருவனந்தபுரம் காந்த ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம். காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால் வடதுருவத்துக்கு அருகே அது செங்குத்தாக நிற்கும். காந்த நடுக்கோட்டில் படுக்கையாகக் கிடக்கும். அந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைக்கு அருகே செல்கிறது.

இங்கே நம் ஊர்க் கதையும் சிறிது கலக்கிறது. அந்நாளில் தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. சற்றே மேற்கே இருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிரௌனுக்குச் சம்பளம் கொடுத்த கஜானாவில் செங்கோட்டை வயல்களின் வரியும் சேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது, அவருடைய வேலையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

மலை எதற்கு?

நகரத்தில் நல்ல கூடம் இருக்கும்போது காட்டையும் மேட்டையும் தாண்டி மலையுச்சிக்குப் போவானேன்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னால்தான் பிரௌனின் மனம் நமக்குப் புரியும்.

நம் நாட்டில் பாரமானி தினமும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணி அளவிலும் இரவு பத்து மணி அளவிலும் உச்சம். அதிகாலை நான்கு மணி அளவிலும் மாலை நான்கு மணி அளவிலும் தாழ்வு. காலையிலிருந்து மாலைக்குள் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கிவிடும். மலையேறும் ஒருவர் தம் பாரமானி இறங்குவதைக் கண்டு, அவ்வளவும் தாம் ஏறிய உயரத்தால் என்று கணக்கிட்டால் தவறு. ஒரு பகுதி ஏற்றத்தால் வந்தது. ஒரு பகுதி நேரத்தால் வந்தது. இரண்டையும் பிரிக்க ஒரே வழி, கீழே ஒருவரும் மேலே ஒருவரும் ஒரே நொடியில் பார்த்து எழுதுவதுதான். குற்றாலத்து அடிவாரத்தில் ஒரு மாணவரை ஆசிரியர் ஏன் உட்கார வைத்தார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

காந்தத்துக்கும் அதே நியாயம்தான். ஊசி தினமும் ஒழுங்காகச் சிறிது அசைகிறது. அந்த அசைவின் காரணம் தரைக்குள் இருக்கிறதா, காற்று மண்டலத்தில் இருக்கிறதா, அதற்கும் அப்பால் இருக்கிறதா? ஓரிடத்தில் மட்டும் நின்று பார்த்தால் தெரியாது. கடல்மட்டத்துக்கு அருகே ஒரு கூடமும், ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு கூடமும் வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் அகத்தியர் மலை நின்றது. அதைவிட வாய்ப்பான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

உச்சியில் ஒரு கூடம்

1850-களின் நடுவில் அந்தக் கூடம் எழுந்தது. ஒரு வரியில் எழுதிவிட்டேன். நடந்தது அவ்வளவு எளிதன்று. யானையும் புலியும் திரியும் காட்டில் பாதை வெட்டவேண்டும். அட்டைகள் மண்டிய ஈரக்காட்டைக் கடந்தால், கடைசி ஏற்றம் வெறும் பாறை. இன்றும் கேரள வனத்துறை அனுமதி பெற்று ஜனவரி முதல் அங்கே செல்பவர்கள் அந்தப் பாறையில் கயிறு பிடித்துத்தான் ஏறுகிறார்கள். கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியோடு ஏறவே மூச்சு வாங்கும் அந்தப் பாறையில், தலைச்சுமையாகவும் தோள்சுமையாகவும் மரமும் கருவிகளும் ஏறின.

கருவிகள் என்றால் சாமானியமானவை அல்ல. மெல்லிய பட்டிழையில் தொங்கும் காந்தங்கள், கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிறைந்த பாரமானிகள். ஒருவர் கால் தவறினால் கப்பலில் மாதக்கணக்கில் வந்த பொருள் பாறையில் சிதறிவிடும். காந்தக் கூடம் கட்டுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. அதில் இரும்பு ஆணி ஆகாது. செம்பு ஆணிதான் அடிக்கவேண்டும். உள்ளே நுழைபவர் மடியிலுள்ள சாவியைக்கூட வெளியே வைத்துவிட்டு வரவேண்டும். பேனாக்கத்தி ஒன்று இடுப்பில் இருந்தாலும் ஊசி அதைக் கண்டு திரும்பிவிடும்.

பொதிகையில் பனிக்கட்டி உறைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஏழு டிகிரி குளிரும் என்பது நாம் படித்த பாடம். கீழே திருவனந்தபுரத்தில் மனிதர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது, உச்சியில் பதினோரு, பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் குறைந்திருக்கும். இரண்டு பருவமழைக்கும் குறுக்கே நிற்கும் மலை அது. ஆடியில் மேல்காற்று, ஐப்பசி கார்த்திகையில் கீழ்காற்று. மேகம் நாள்கணக்கில் கலையாது. வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஈரக்குளிர் பனிக்கட்டிக்குச் சமம். செண்பகாதேவியில் ஒரே ஒரு பகல் நனைந்த எனக்கு அதில் ஐயமில்லை.

அந்தக் குளிரில் மணிக்கு ஒருமுறை எழுந்து, விளக்கைப் பிடித்து, கருவியின் அளவைப் படித்து எழுதியவர்கள் யார்? பிரௌன் தாமும் ஏறித் தங்கினார். ஆனால் ஒருவரே இரவும் பகலும் இரண்டு கூடங்களில் விழித்திருக்க முடியாது. அவரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்களே அந்த வேலையைச் செய்தார்கள். வீட்டில் திருவாதிரையோ, திருக்கார்த்திகையோ, எதுவானாலும் ஊசி காத்திராது. இரவு இரண்டு மணி அளவு விட்டுப்போனால் அது என்றென்றைக்கும் விட்டுப்போனதுதான். அவர்களுடைய பெயர்களை இன்று ஊரில் சொல்வாரில்லை. அவர்கள் எழுதிய எண்கள் இருக்கின்றன.

எண்கள் சொன்ன செய்தி

இப்படிச் சேர்ந்த எண்களைப் பிரௌன் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தம் ஏடுகளை உலகின் மற்றக் காந்தக் கூடங்களின் ஏடுகளோடு ஒப்பிட்டார். அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. திருவனந்தபுரத்தில் பூமியின் காந்தவலிமை குறையும் நாளில், பல்லாயிரம் மைலுக்கு அப்பாலும் குறைகிறது. இங்கே கூடும் நாளில் அங்கேயும் கூடுகிறது. அதாவது இது உள்ளூர்ச் சமாசாரம் அன்று. பூமி முழுவதும் ஒருசேர அசைகிறது.

அடுத்த உண்மை இன்னும் வியப்பானது. பெரிய காந்தக் கலக்கங்கள் மனம்போனபடி வருவதில்லை. ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வரும் போக்கு அவற்றில் இருந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலத்தோடு அது ஒத்திருந்தது. சூரியனின் குறிப்பிட்ட ஒரு பகுதி நம்மை நோக்கித் திரும்பும்போதெல்லாம் பூமியில் ஊசி கலங்குகிறது என்பதற்கு இது சான்று. நிலவுக்கும் ஊசியின் அசைவில் சிறு பங்கு உண்டு என்பதை ஐரோப்பாவில் கிரைல் என்பவர் கண்டிருந்தார். பிரௌன் அதையும் நம் தென்கோடியிலிருந்து விரிவாக ஆராய்ந்தார்.

இன்று நமக்குச் சூரியக்காற்று தெரியும். சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் ஓயாமல் வீசுவதும், அவை வேகமாக வரும் பகுதி சூரியனோடு சேர்ந்து சுழன்று ஏறத்தாழ 27 நாட்களுக்கு ஒருமுறை நம்மைத் தாக்குவதும் பாடப்புத்தகச் செய்திகள். செயற்கைக்கோள் பறக்கத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, பட்டிழையில் தொங்கிய ஊசியையும், உறக்கம் விழித்த மனிதர்களையும் மட்டும் வைத்துக்கொண்டு இதன் தடத்தைக் கண்டவர் பிரௌன் என்றால் அது மிகையாகாது.

ஊருக்கு உழைத்தவர்

அவர் கருவிகளோடு மட்டும் வாழ்ந்தவர் அல்லர். 1855-இல் திருவனந்தபுரத்தில் அருங்காட்சியகம் அமைக்க ஒரு குழு ஏற்பட்டது. மகாராஜா அதன் புரவலர், பிரௌன் அதன் செயலாளரும் இயக்குநரும் ஆவார். 1857-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நம் ஊர்களிலிருந்து கல்விச் சுற்றுலா போகும் பிள்ளைகள் பார்த்து மகிழும் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துக்கும் பூங்காவுக்கும் தொடக்கம் அதுதான். இன்று நாம் காணும் அழகிய நேப்பியர் கட்டடம் பின்னர் 1880-இல் வந்தது. பஞ்சாங்கம் போன்ற ஆண்டுக் குறிப்பேடு ஒன்றையும் அவர் வெளியிட்டார். எடை, அளவைகளைச் சீர்திருத்தவும் முயன்றார்.

இறுதி நாட்கள்

1865-இல் பிரௌன் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். மனைவியின் நாடான ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரிலும், பிறகு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரிலும் வசித்தார். 1873-இல் லண்டன் வந்தார். எங்கே போனாலும் திருவனந்தபுரத்து ஏடுகள் கூடவே போயின. திருவிதாங்கூர் மகாராஜாவின் உதவியுடன் 1874-இல் அவற்றின் முதல் தொகுதி வெளிவந்தது.

அந்நூலின் தலைப்பிலுள்ள ஒரு விவரம் என்னை நிறுத்தியது. அதில் உள்ள அளவுகள் 1852 முதல் 1869 வரையிலானவை. பிரௌன் புறப்பட்டது 1865-இல். அப்படியானால் அவர் கப்பலேறிய பிறகும் நான்கு ஆண்டுகள் திருவனந்தபுரத்து உதவியாளர்கள் ஊசியைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! மேற்பார்வையாளர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். எட்டிப் பார்க்க ஆளில்லை. இரண்டு கட்டங்களை ஊகித்து நிரப்பினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆயினும் அவர்கள் எழுதிய அளவுகளைத் தம் பெயரிட்ட நூலில் சேர்க்கும் அளவுக்குப் பிரௌன் நம்பினார்.

பிறநாட்டுக் காந்தக் கூடங்களின் ஏடுகளையும் ஒழுங்குபடுத்த அவர் முற்பட்டார். உடல்நலம் இடம் தரவில்லை. 1878-இல் லண்டன் ராயல் சங்கம் அவருக்கு ராயல் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது. மறு ஆண்டு, 1879 நவம்பர் 22-ஆம் நாள், தம் 62-ஆம் வயதில் லண்டனில் காலமானார். நம் கணக்கில் அது கார்த்திகை மாதத் தொடக்கம். அதே நாட்களில் பொதிகையின் உச்சியை மேகம் மூடியிருக்கும். கூடத்தைக் காடும் காற்றும் எடுத்துக்கொண்டன.

அவருக்குப் பின்

மலையுச்சியில் நின்று அளப்பது பின்னாளில் உலகெங்கும் பரவியது. பிரௌனின் தாய்நாடான ஸ்காட்லாந்தில் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் சிகரத்தில், 1881-ஆம் ஆண்டுக் கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரை, கிளெமென்ட் ராக் என்பவர் நாள்தோறும் ஏறி இறங்கி வானிலையை எழுதினார். அவருடைய மனைவி அடிவாரத்தில் அதே நேரத்தில் எழுதினார். 1883-இல் அங்கே நிரந்தரக் கூடம் வந்தது. பனியைத் தோண்டிக்கொண்டு வெளியே வந்து கருவிகளைப் பார்க்கும் நிலை அங்கே. 1904-இல் பணம் போதாமல் அது மூடப்பட்டது. ஆனால் 1894 செப்டம்பரில் அங்கே இரண்டு வாரம் வேலை பார்க்க வந்த சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் மேகத்தில் ஒளி செய்த விந்தைகளைக் கண்டு, அதை ஆய்வுக்கூடத்தில் செய்துபார்க்க முயன்று, மேக அறையைக் கண்டுபிடித்தார். 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குளிரில் நடுங்கிய நாட்கள் வீணாகப் போவதில்லை!

நம் பக்கத்திலும் பிரௌனின் பணி வேறு உருவில் தொடர்ந்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது என்ற காரணத்தால்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவர் கிராமம் ராக்கெட் ஏவுதளமாயிற்று. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. நம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், சூரியக்காற்றின் துகள்களையும் காந்தப்புலத்தையும் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அளக்கிறது. மலை ஏறிப் பார்த்ததை இன்று விண்ணில் ஏறிப் பார்க்கிறோம். நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசிகளில்கூடத் திசை காட்ட ஒரு சிறு காந்தமானி இருக்கிறது. நாம் அதைக் கொண்டு வழி தேடுகிறோம், அவ்வளவுதான்.

வட்டமிட்ட இரண்டு கட்டங்கள்

நண்பர்களே, மலையேறுவது பெரிய காரியமன்று. நல்ல கால்களும் நல்ல நாளும் வாய்த்தால் யாரும் ஏறிவிடலாம். ஏறிய பிறகு அங்கே உட்கார்ந்து, யாரும் பார்க்காத இரவில், விறைத்த விரல்களோடு, இருப்பதை இருக்கிறபடி எழுதுவதே பெரிய காரியம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள உறவு பிரௌனுக்குப் புலப்பட்டது அவருடைய மேதைமையால் மட்டும் அன்று. பெயர் அறியப்படாத உதவியாளர்கள் பொய் எழுதாததாலும் அது புலப்பட்டது. அவர்கள் ஊகத்தால் கட்டங்களை நிரப்பியிருந்தால், அந்த 26 நாள் ஒழுங்கு ஊகங்களுக்குள் மூழ்கிப் போயிருக்கும்.

படித்து முடித்த மறுநாள், ஆசிரியரிடம் சென்று அந்த இரண்டு எண்களும் நான் போட்டவை என்று ஒப்புக்கொண்டேன். அவர் தலையசைத்து, எண்களை அடித்துவிட்டு, அளவு எடுக்கப்படவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் வரைபடத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. இந்த ஆண்டுக் கார்த்திகையிலும் எங்கள் துறை மலையேறப் போகிறது. நோட்டுப் புத்தகத்தை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். கையுறை ஒன்றும் வாங்கிவிட்டேன்.

மழை விட்ட காலையில் தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தால், மேற்கே மலையைப் பாருங்கள். அகத்தியரை நினைக்கும்போது, அங்கே விளக்கேற்றி ஊசியைப் பார்த்த அந்த மனிதர்களையும் ஒரு கணம் நினையுங்கள்.